மாத்திரையும் சோறும்

சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்படும் மின்சார ரயில் தாம்பரத்துக்கு முன்னால் நிற்கும் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். இன்று அங்கே இறங்குகிறவர்களில் பலர் பக்கத்து ஏற்றுமதி வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள். அந்தப் பெயருக்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திப் பெயர் வாங்கியவர் அவர். அதே வைத்தியம் நம் ஊர்க்காரர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று விரும்பினார். 1937ல் சென்னை மாகாண அரசு அதை ஏற்று நடத்தத் தொடங்கியது.

நல்ல காற்று, முழு ஓய்வு, ஊட்டமான சாப்பாடு. அந்தக் கால வைத்தியம் இவ்வளவுதான். மருந்தென்று எதுவும் இல்லை. மரங்களுக்கு நடுவே திறந்த தாழ்வாரத்தில் கட்டில் போட்டு நோயாளியை மாதக்கணக்கில் படுக்க வைப்பார்கள். பாலும் முட்டையும் இறைச்சியும் கொடுப்பார்கள். தேறினால் தேறியதுதான். கணித மேதை ராமானுஜனும் 1917ல் சௌரிமுத்துவின் மெண்டிப் சானடோரியத்தில் சில காலம் இருந்தார். அவருக்குக் காசநோய் என்றே அன்றைய மருத்துவர்கள் கருதினார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் வாதிட்டிருக்கிறார்கள். எதுவானாலும், 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் அவர் காலமானார். அதே சேத்துப்பட்டில்தான், 36 வருடங்கள் கழித்து, சானடோரியம் என்ற எண்ணத்தையே உலகம் முழுக்க மாற்றிய ஆய்வு தொடங்கியது.

நான் வட ஆற்காட்டுப் பக்கம் காசநோய் சுகாதாரப் பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஹெச்.வி. என்று சுருக்கமாகச் சொல்வார்கள். ஊர் ஜனங்களுக்கு நான் நர்சம்மா. சளி டப்பாவையும் மாத்திரையையும் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போன என்னுடைய வேலை எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தால், வழி சேத்துப்பட்டில் போய் நிற்கிறது. அந்த ஆய்வை நான் மதிக்கிறேன். அதிலிருந்து எங்கள் துறை எடுத்துக்கொண்ட ஒரு பாடம் தப்பாகப் போயிற்று என்றும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் இந்த வரலாறு முழுதாகும்.

1950களின் சென்னையை நினைத்துப் பாருங்கள். நகரத்தின் குடிசைப் பகுதிகளில் இருமி இருமி இளைத்தவர்கள் ஏராளம். சானடோரியத்தில் படுக்கைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருக்க வேண்டும். முறை வருவதற்குள் செத்துப் போனவர்கள் உண்டு. படுக்கை கிடைத்தாலும் கஷ்டம் தீராது. ரிக்‌ஷா இழுக்கிறவரோ மூட்டை தூக்குகிறவரோ ஒரு வருடம் போய்ப் படுத்துவிட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? கைக்குழந்தைக்காரி போய்ப் படுத்தால் பிள்ளையை யார் பார்ப்பது? நாடு முழுக்க லட்சக்கணக்கில் நோயாளிகள் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் கட்டில் போட்டு மாளாது என்று அரசுக்கும் தெரிந்திருந்தது.

அதற்குள் மருந்துகள் வந்துவிட்டன. 1943ல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து பாஸ் வந்தது, 1952ல் ஐசோனியாசிட் வந்தது. இவற்றோடு ஒரு புது ஆய்வு முறையும் வந்தது. பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் தட்டுப்பாடாக இருந்த நேரத்தில், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளியியலாளர் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார். 55 பேருக்கு மருந்தும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும் மற்றவர்களில் 14 பேரும் இறந்தார்கள். யாருக்கு மருந்து என்பதை டாக்டரின் மனசு முடிவு செய்யாததால், இந்த வித்தியாசம் மருந்தால் வந்தது என்று துணிந்து சொல்ல முடிந்தது. 1948ல் இந்த முடிவு வெளியானது. மருத்துவ ஆராய்ச்சிக்கு அது ஒரு புதிய தொடக்கம்.

1956ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. தலைமை ஏற்க லண்டனிலிருந்து வந்தவர் டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ். தேவதத்தா, வேலு, சி.வி. ராமகிருஷ்ணன் போன்ற நம் மருத்துவர்களும் எஸ். ராதாகிருஷ்ணா என்ற புள்ளியியலாளரும் கூட நின்றார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. சானடோரியத்தில் கொடுக்கும் அதே மருந்தை, நோயாளியை வீட்டிலேயே இருக்கவிட்டுக் கொடுத்தால் குணமாகுமா?

அன்றைய பெரிய மருத்துவர்களில் பலருக்கு இந்தக் கேள்வியே விபரீதமாகப் பட்டது. ஓய்வும் சாப்பாடும் இல்லாமல் நுரையீரல் ஆறாது என்றார்கள். ஒற்றை அறை வீட்டில் நோயாளியை வைத்திருந்தால் பிள்ளை குட்டிகளுக்கெல்லாம் தொற்றிவிடும் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள் ஒரு வருடம் ஒழுங்காக மாத்திரை போட மாட்டார்கள் என்றும் சொன்னார்கள். மூன்று சந்தேகங்களும் நியாயமானவைதான். அதனால்தான் மூன்றையும் சோதித்தே பார்த்தார்கள்.

சளியில் கிருமி உறுதியான ஏழை நகரவாசிகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் ஒரு பாதியை வீட்டுக்கும் மறு பாதியைச் சானடோரியத்துக்கும் ஒதுக்கினார்கள். இருவருக்கும் ஒரே மருந்து. ஐசோனியாசிடும் பாஸும், தினமும், ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் வாரா வாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள்.

பாஸ் லேசான மருந்தல்ல. ஐசோனியாசிட் மில்லிகிராம் கணக்கில் உள்ளே போனால் பாஸ் கிராம் கணக்கில் போக வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதன் காலம் முடிந்துகொண்டிருந்தது. ஆனால் மூத்த ஹெச்.வி.க்கள் அதைப் பற்றி நிறையச் சொல்வார்கள். வாயில் வைத்தாலே குமட்டும், வயிற்றைப் புரட்டும், சிலருக்குப் பேதியாகும். கண்ணுக்குத் தெரியாமல் கூரையில் செருகி வைப்பவர்களும் சாக்கடையில் கொட்டுபவர்களும் இருந்தார்கள். வாய்ச்சொல்லை நம்பி ஆராய்ச்சி செய்ய முடியாது. அதனால் முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் வாங்கி வந்து சோதித்தார்கள். பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலை விட்டால் செம்பழுப்பாக நிறம் மாறும். நிறம் மாறாவிட்டால் அன்றைய மருந்து உள்ளே போகவில்லை. அதற்காக நோயாளியைத் திட்டக் கூடாது, விரட்டக் கூடாது. மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் வேலையின் அடிப்படை ஒழுங்கு அந்தக் குடிசை வாசல்களில்தான் உருவானது.

1959ல் முடிவு வெளிவந்தது. ஆய்வுக் கணக்கில் எடுத்துக்கொண்ட நோயாளிகள் 163 பேர். வீட்டில் 82, சானடோரியத்தில் 81. ஒரு வருட முடிவில் சளியில் கிருமி நீங்கி நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். சானடோரியக்காரர்களுக்கு எடை அதிகம் கூடியிருந்தது. ஆனால் நோயை அடக்குவதில் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. ஐந்து வருடம் தொடர்ந்து கண்காணித்தபோதும் இரு தரப்பும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் இருந்தார்கள்.

குடும்பத்துக்குத் தொற்றும் என்ற பயத்துக்கும் விடை கிடைத்தது. இரு தரப்பு நோயாளிகளின் வீட்டாரையும் வருடக்கணக்கில் எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் செய்து பார்த்தார்கள். நோயாளியோடு ஒரே அறையில் படுத்து எழுந்த குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. காரணம், தொற்றில் பெரும்பகுதி நோயைக் கண்டுபிடிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியதும் பரப்பும் தன்மை வேகமாகக் குறைந்துவிடுகிறது. அப்புறம் தட்டையும் டம்ளரையும் ஒதுக்கி வைப்பதால் ஒரு பயனும் இல்லை. இதை நான் எத்தனையோ வாசல்களில் நின்று மாமியார்களுக்கும் மச்சான்களுக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். திருமணமான பெண்ணுக்கு டி.பி. என்றால் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்களில், அவளை அங்கேயே இருக்க வைத்துக் குணப்படுத்தலாம் என்று தைரியமாகச் சொல்ல எனக்கு இந்த ஆய்வு துணை நின்றது.

உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதில் சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு. 1962ல் இந்தியா தேசிய காசநோய்த் திட்டத்தைத் தொடங்கியபோது வீட்டுச் சிகிச்சையே அதன் அடித்தளம். 1964ல் அதே மையம், தினமும் மருந்து தருவதற்குப் பதிலாக வாரம் இரண்டு முறை கண்ணெதிரே கொடுத்தாலும் நோய் குணமாகும் என்று காட்டியது. பின்னாளில் உலகமெங்கும் டாட்ஸ் என்ற பெயரில் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைக்கு விதை அங்கே விழுந்தது. சேத்துப்பட்டு மையம் இப்போது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக வளர்ந்திருக்கிறது.

இனி சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆய்வில் நோயாளிகள் என்ன சாப்பிட்டார்கள் என்பதையும் கணக்கெடுத்து 1961ல் தனிக் கட்டுரையாக வெளியிட்டார்கள். சானடோரியத்துச் சாப்பாட்டோடு ஒப்பிட்டால் வீட்டுச் சாப்பாடு ரொம்பக் குறைவு. அரிசி இருக்கும், பாலும் முட்டையும் கறியும் அபூர்வம். போதாததற்கு அவர்களில் பலர் வேலைக்கும் போனார்கள். அப்படியிருந்தும் மருந்து வேலை செய்தது. ஏழையின் அரைவயிற்றுச் சாப்பாடு சிகிச்சைக்குத் தடையில்லை என்று அந்தக் கட்டுரை நிறுவியது. நல்ல சாப்பாடு வாங்க வழியில்லை என்பதற்காக யாருக்கும் மருந்தை மறுக்கக் கூடாது என்பதே அதன் நியாயமான பொருள்.

துறைக்குள் வந்து சேர்ந்தபோது அந்தப் பாடம் சுருங்கிப் போயிருந்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர்கள் சொன்னது இதுதான்: சாப்பாட்டைப் பற்றி நோயாளி கேட்டால் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடச் சொல்லுங்கள், மாத்திரைதான் முக்கியம். மருந்துக்கு அட்டை இருந்தது, சளிக்கு ரிஜிஸ்டர் இருந்தது. சோற்றுக்கு எங்கள் காகிதத்தில் இடமே இல்லை.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பீடி சுற்றும் அம்மா ஒருவர் என் நோயாளியாக இருந்தார். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையை வெட்டித் தூளை வைத்து, பேச்சு நிற்காமல் விரல்கள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு மாதம் ஒழுங்காக மாத்திரை போட்டவர் திடீரென்று நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "இந்த மாத்திரை போட்டதிலேர்ந்து பசி தாங்கலை நர்சம்மா. முன்ன எல்லாம் ஒருவேளை சாப்பிட்டா போதும். இப்ப மூணு வேளை கேக்குது. நான் தின்னா புள்ளைங்களுக்கு என்ன இருக்கும்?" என்றார். மருந்து வேலை செய்து உடம்பு தேறத் தொடங்கியதால் வந்த பசி அது. நோயை அடக்குகிற மருந்தை, பசி வருகிறது என்பதற்காக ஒரு தாய் நிறுத்தியிருக்கிறாள். அந்த வீட்டுக்கு ரேஷனில் கூடுதலாக ஒரு படி அரிசி வாங்கித் தர என்னிடம் எந்த வழியும் இல்லை.

சேத்துப்பட்டு ஆய்வு கேட்ட கேள்வி, வந்த நோய் எப்படிக் குணமாகும் என்பது. நோய் யாருக்கு வருகிறது, யார் அதில் சாகிறார்கள் என்பது வேறு கேள்வி. காசநோய்க் கிருமி உடம்புக்குள் போனவர்கள் நம் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒருவருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறுகிறது. மற்ற ஒன்பது பேரின் உடம்பு அதை அடக்கி வைத்திருக்கிறது. அந்தப் பத்தாவது ஆள் யார் என்பதைத் தீர்மானிக்கிற காரணிகளைத் தேடுவதுதான் நோய்ப்பரவலியல். அந்தத் தேடலில் பசி முன்வரிசையில் வந்து நிற்கிறது.

இது புதிய செய்தியல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வைத்திருந்த சிறை முகாம் ஒன்றில் பிரிட்டிஷ் கைதிகளும் ரஷ்யக் கைதிகளும் இருந்தார்கள். முகாம் சாப்பாடு, வேலை எல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். பிரிட்டிஷ்காரர்களுக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவுப் பொட்டலங்கள் வந்தன. ரஷ்யர்களிடம் காசநோய் பல மடங்கு அதிகமாக இருந்தது என்று 1946ல் வெளியான ஒரு கட்டுரை பதிவு செய்தது. மருந்து வருவதற்கு வெகுகாலம் முன்பே இங்கிலாந்தில் காசநோய்ச் சாவுகள் குறைந்துகொண்டே வந்ததையும், உணவும் வாழ்க்கைத் தரமும் உயர்ந்ததே அதற்குப் பெரிய காரணம் என்று தாமஸ் மக்கியூன் வாதிட்டதையும் மருத்துவம் படித்தவர்கள் அறிவார்கள். பி.எம்.ஐ. என்று சொல்லும் உடல் நிறைக் குறியீடு ஒரு புள்ளி கூடினால் காசநோய் வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் குறைகிறது என்று 2010ல் பல நாட்டுத் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

பசி மட்டும் காரணமல்ல. தமிழ்நாட்டிலேயே நடந்த இரண்டு ஆய்வுகளைச் சொல்ல வேண்டும். டாக்டர் கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் மற்றவர்களும் சேர்ந்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், இறந்துபோன 43,000 ஆண்களின் வீடுகளுக்குக் களப்பணியாளர்கள் போய், எப்படி இறந்தார், பீடி சிகரெட் பிடித்தாரா என்று கேட்டு எழுதினார்கள். உயிரோடிருந்த 35,000 பேரோடு ஒப்பிட்டார்கள். புகைப்பவர்கள் காசநோயால் சாகும் வாய்ப்பு புகைக்காதவர்களைப் போல நான்கு மடங்குக்கும் மேல் என்று தெரிந்தது. 2012ல் வந்த இன்னொரு ஆய்வு, இங்கே சிகிச்சைக்கு வந்த காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருப்பதைக் காட்டியது. அதன் பிறகு சளி டெஸ்டோடு சர்க்கரை டெஸ்டும் எடுப்பது நடைமுறைக்கு வந்தது. துக்க வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டெழுதிய அந்தக் களப்பணியாளர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர்கள் பெயர் எதுவும் கட்டுரைத் தலைப்பில் வருவதில்லை. அவர்கள் கொண்டுவந்த பதில்கள் இல்லாமல் அந்தக் கணக்கும் இல்லை.

சோற்றின் கேள்விக்குச் சோதனை முறையிலேயே விடை கிடைக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் என்ற ஆய்வு அது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியர் முன்னெடுத்தார்கள். சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகளுக்கும் மருந்தோடு மாதம் 10 கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். குலுக்கல் முறையில் தேர்ந்த பாதிக் குடும்பங்களில், நோயாளியோடு வீட்டார் எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். வீட்டாருக்கும் உணவு போன குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமியோடு பரவக்கூடிய வகை 48 சதவீதம் குறைந்தது. நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்கள் சாகும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக வேலை செய்ததை எண்களாகப் படித்த அன்று, பீடி சுற்றிய அந்த அம்மாவின் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

தமிழ்நாடு இதற்கு ஒரு வருடம் முன்பே, 2022ல், காசநோய் இறப்பில்லாத் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் இப்படிச் செய்த முதல் மாநிலம் இதுதான். நோயைக் கண்டுபிடித்தவுடன் உயரம், எடை பார்த்து பி.எம்.ஐ. கணக்கிடுகிறார்கள். காலில் வீக்கம் இருக்கிறதா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். படுக்கையே வேண்டாம் என்று போன துறை, யாருக்குப் படுக்கை கட்டாயம் என்று தெரிந்துகொண்டு திரும்பியிருக்கிறது. பெரிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. எடை மெஷின், உயரம் அளக்கும் குச்சி, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் போதும். மத்திய அரசு 2018ல் தொடங்கிய மாதம் 500 ரூபாய் ஊட்டச்சத்து உதவி 2024ல் 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. அது நோயாளிக்கு மட்டும். வீட்டாருக்கும் உணவு போய்ச் சேர்ந்தால்தான் ஜார்க்கண்டில் கண்ட பலன் முழுதாகக் கிடைக்கும்.

வாலஸ் ஃபாக்ஸும் அவருடன் உழைத்தவர்களும் தங்கள் கேள்விக்குச் சொன்ன விடை இன்றும் சரி. மருந்து வீட்டிலேயே நோயைக் குணமாக்கும். ஆனால் ஓர் ஆய்வு கேட்காத கேள்விக்கு அதிலிருந்து விடை எடுக்கக் கூடாது. அப்படி எடுத்ததால் பல பத்தாண்டுகள் பசியைக் கணக்கில் சேர்க்காமல் வைத்தியம் பார்த்தோம். துறைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னைப் பார்க்க வரும்போது இதைத்தான் சொல்கிறேன். மாத்திரையோடு எடை மெஷினையும் எடுத்துக்கொண்டு போங்கள். நோயாளியை நிறுத்திப் பார்த்த பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொருவரையும் அதில் ஏற்றிப் பாருங்கள். எடை குறைந்த பிள்ளை ஒன்று இருந்தால், அந்த வீட்டில் அடுத்து யாருக்கு நோய் வரலாம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு அந்தப் பிள்ளைக்குச் சோறு கிடைக்க வழி செய்வதும் உங்கள் வேலையே.